நிலைத் தியாகம் அல்ல, நிலைக்குக் கொடுத்தல்

“கிராண்ட்மாஸ்டரின் நிலைத் தியாகத்தைக் (‘பொசிஷனல் சக்ரிஃபைஸ்’) கணினி கண்டுபிடிக்குமா?” கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் மாணவர் கையில் சுற்றும் சதுரங்கப் பயிற்சித் தாள்களில் இந்தக் கேள்வி திரும்பத் திரும்ப வருகிறது. கேள்வி நல்லது. சொல்தான் பிழை. அந்தச் சொல்லை நம்பி எஞ்சினை, அதாவது சதுரங்கம் ஆடும் கணினி நிரலைச், சோதிக்கிற பிள்ளை எதைத் தேடுகிறோம் என்றே தெரியாமல் தேடும்.

ஆங்கிலத்தின் ‘சக்ரிஃபைஸ்’ லத்தீனிலிருந்து வந்தது. புனிதமாக்குதல் என்பது வேர்ப்பொருள். ஜெர்மன் ‘ஓப்ஃபர்’ பலியையும் பலியானவரையும் சேர்த்தே குறிக்கும். சதுரங்கத்தில் இதன் பொருள், எதிராளி வெட்டட்டும் என்று தெரிந்தே காயை விடுவது. 1935இல் சதுரங்க ஆட்டக்காரர் ருடோல்ஃப் ஷ்பீல்மன் இதை இரண்டாகப் பிரித்தார். சில நகர்த்தல்களுக்குள் போட்டது திரும்பி வரும் என்று எண்ணிப் பார்க்கக்கூடியது போலி. அப்படி எண்ண முடியாதது மெய். ‘பொசிஷனல்’ என்ற அடைமொழி இரண்டாவது வகையைச் சேர்ந்தது. கொடுத்த சிப்பாய்க்குப் பதிலாகத் திறந்த நிரல், எதிராளியின் பலவீனமான கட்டம், காய்களின் சுறுசுறுப்பு என்று முழுப் பலகையின் நிலையில் ஏதோ கிடைக்கிறது.

இப்போது ‘நிலைத் தியாகம்’ என்பதைத் தமிழாகப் படியுங்கள். உயிர்த்தியாகம் என்றால் உயிரைத் தியாகம் செய்தல். அதே அச்சில் நிலைத் தியாகம் என்றால் நிலையைத் தியாகம் செய்தல். உண்மையில் நடப்பதோ இதற்கு நேர் எதிர்: நிலைக்காகச் சிப்பாய் போகிறது. நான்காம் வேற்றுமை நிற்க வேண்டிய இடத்தில் உருபைத் தின்றுவிட்டு இரண்டாம் வேற்றுமைத் தொகையாக வாசிக்க விட்டிருக்கிறார்கள். ‘இடத் தியாகம்’ இன்னும் மோசம். இடத்தை விட்டுக்கொடுத்தான் என்றே எவரும் விளங்கிக்கொள்வர். அகராதியில் சொல்லுக்குச் சொல் பார்த்து ஒட்டுகிறவர்கள், ஒட்டிய பிறகு ஒரு தடவை வாய்விட்டு வாசித்தாலே இது பிடிபடும்.

இலக்கணத்தை விட்டாலும், வன்னியில் ‘தியாகம்’ மனிதர்களுக்கான சொல். எத்தனையோ வீட்டுச் சுவரில் படமாய்த் தொங்குகிறவர்களுக்குச் சொல்லும் சொல்லை மரக்கட்டைச் சிப்பாய்க்குச் சொல்ல வேண்டிய தேவை என்ன? ‘பலி’யும் சரிவராது. அது வேள்விக் கடாவின் சொல். வெட்டுப்படுவதைச் சொல்லும், எதற்காக என்பதைச் சொல்லாது.

தனித்தமிழ் விரும்பிகள் ‘காலாள் ஈகம்’ என்கிறார்கள்; காலாள் என்பது சிப்பாய். வடசொல்லைத் தவிர்க்கும் அக்கறையை மதிக்கிறேன். ஆனால் ‘ஈ’ என்ற வேரின் பொருளைப் பார்க்க வேண்டாமா? “வறியார்க்கொன்று ஈவதே ஈகைமற் றெல்லாம் குறியெதிர்ப்பை நீர துடைத்து” என்கிறது குறள். இல்லாதவனுக்கு, பதில் எதிர்பாராமல் கொடுப்பதுதான் ஈகை. சதுரங்கத்தில் எவரும் எதிராளிக்கு இரங்கிச் சிப்பாய் கொடுப்பதில்லை. அதே குறளில் உள்ள குறியெதிர்ப்பை, வாங்கிய அளவையே திருப்பிக் கொடுக்கும் கடன். பக்கத்து வீட்டில் இரண்டு சுண்டு அரிசி வாங்கி, நெல் குற்றியதும் அதே சுண்டால் அளந்து கொடுப்போமே, அந்தக் கைமாற்று. ஷ்பீல்மனின் போலிக் கொடுத்தலுக்கு ‘கைமாற்று’ அச்சாகப் பொருந்தும். ‘கொடை’ என்று மாற்றினாலும் வள்ளலின் வாடைதான் வரும்.

பலகைக்கு முன்னால் இருக்கிற பிள்ளைகள் என்ன சொல்கிறார்கள்? “சிப்பாயை வெட்டக் குடுத்திட்டான்.” தாயத்திலும் காயை வெட்டுவதுதான். சொல் கைக்குள்ளேயே கிடக்கிறது. ஆகவே என் தெரிவு ‘நிலைக்குக் கொடுத்தல்’. விரித்தால், நிலைக்காகச் சிப்பாயை வெட்டக் கொடுத்தல். உருபு வெளியே தெரிவதால் தடுமாற்றம் இல்லை. பதிலாகக் கிடைப்பதற்கு ‘ஈடு’ போதும். காணியை ஈடு வைப்பது நினைவுக்கு வரும் என்பார்கள். நட்டஈட்டில் உள்ள ஈடும் நம் சொல்தானே.

சொல் சரியானால் சோதனையும் சரியாகும். 1985, மொஸ்கோ, உலகப் பட்டப் போட்டியின் 16ஆவது ஆட்டம். வெள்ளை கார்ப்போவ், கறுப்பு கஸ்பரோவ். (எழுத்தும் எண்ணும் சேர்ந்தது கட்டத்தின் பெயர், × என்றால் வெட்டுதல், காயின் பெயர் இல்லாவிட்டால் நகர்வது சிப்பாய், மூன்று புள்ளி கறுப்பின் நகர்த்தல்.) 1.ஈ4 சி5 2.குதிரை எஃப்3 ஈ6 3.டி4 சி×டி4 4.குதிரை×டி4 குதிரை சி6 5.குதிரை பி5 டி6 6.சி4 குதிரை எஃப்6 7.பி1 குதிரை சி3 ஏ6 8.குதிரை ஏ3. இங்கே கஸ்பரோவ் 8...டி5 ஆடினார். 9.சி×டி5 ஈ×டி5 10.ஈ×டி5 குதிரை பி4: கறுப்புக்கு ஒரு சிப்பாய் குறைவு. 16ஆவது நகர்த்தலில் கறுப்புக் குதிரை டி3இல் குந்தியது. ஏ3இல் ஒதுங்கிய குதிரையோடு வெள்ளைப் படை மூச்சடைத்துப் போனது. 40 நகர்த்தலில் கஸ்பரோவ் வென்றார்.

8.குதிரை ஏ3க்குப் பிந்திய நிலையை வெறும் பலகையில் அடுக்குங்கள். ஆட்டத்தை முழுக்க ஓட்டிவிட்டுப் பின்னால் வந்தால், எஞ்சின் முன்பு கணித்ததைச் சேமிக்கும் ஹாஷ் நினைவகத்தில் விடை ஏற்கெனவே கிடக்கும். அது கண்டுபிடிப்பு ஆகாது. ஹாஷை அழியுங்கள். தொடக்க நகர்த்தல்களின் பட்டியலான திறப்புப் புத்தகத்தையும், இணையத்தில் ஏற்கெனவே கணித்து வைத்த கிளவுட் மதிப்பீட்டையும் நிறுத்துங்கள். திரெட் (கணிப்பு ஓடும் இழை) ஒன்று போதும். பல திரெட் ஓடினால் ஒரே நிலைக்கு ஒவ்வொரு முறையும் வேறு விடை வரலாம். போன் சூடேறினால் வேகம் விழும் என்பதால், நேரத்தை வைத்து நிறுத்தாமல் 5 கோடி நோட் (எஞ்சின் அலசும் ஒவ்வொரு நிலையும் ஒரு நோட்) என்று வரம்பு கட்டுங்கள். எத்தனை சிறந்த தெரிவுகளைக் காட்ட வேண்டும் என்று சொல்லும் மல்டி பிவியை 4 ஆக்கி, டி5க்கும் முதல் தெரிவுக்கும் மதிப்பெண்ணில் உள்ள இடைவெளியைக் குறியுங்கள். நான்குக்குள் டி5 வராவிட்டால் அதைக் கையால் ஆடி மதிப்பெண்ணைப் பாருங்கள். எஞ்சின் முன்னோக்கிப் பார்க்கும் ஆழம் கூடக் கூட டி5இன் மதிப்பெண் கறுப்புக்குச் சாதகமாக ஏறி, காயும் திரும்பி வந்தால் அது கைமாற்று. காய் திரும்பாமலே இடைவெளி 0.20க்குள் நின்றால், எஞ்சின் ஈட்டை ஏற்றுக்கொள்கிறது என்று கொள்ளலாம்.

பழைய தாள்களில் எஞ்சினின் மதிப்பெண்ணுக்கு உள்ள “+1 என்றால் ஒரு சிப்பாய்” என்ற விளக்கத்தையும் அடித்துவிடுங்கள். 2022 டிசெம்பரில் வந்த ஸ்டாக்ஃபிஷ் 15.1 என்ற எஞ்சின் பதிப்பு முதல் +1.00 என்பது 50% வெற்றி வாய்ப்பு.

‘கண்டுபிடிக்குமா’ என்ற வினையும் கோணல். அது நகர்த்தல் சரியானது என்று முன்கூட்டியே முடிவு கட்டிவிடுகிறது. 1986இல் பிரசெல்ஸில் வான் டெர் வீல் என்ற ஆட்டக்காரருக்கு எதிராக, இதே நகர்த்தல் வரிசையில் 11.மந்திரி ஈ2 மந்திரி சி5க்குப் பிறகு கார்ப்போவ் 12.மந்திரி ஈ3 ஆடினார். அதோடு இந்த டி5 மதிப்பிழந்தது. எஞ்சின் இதை ஒதுக்கினால் எஞ்சினில் குறை என்று எழுதுவது அநியாயம். தாளில் கேள்வி இப்படி இருக்கட்டும்: “8ஆவது நகர்த்தலில் கஸ்பரோவ் நிலைக்குக் கொடுத்த சிப்பாய்க்குப் போதிய ஈடு இருக்கிறதென்று எஞ்சின் மதிப்பிடுகிறதா?”