61-ஆவது துண்டு: பெரிய கோப்புகளை யூஸ்நெட்டில் ஏற்றும் முன்

ஓய்வுபெற்ற இயற்பியல் பேராசிரியர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என்னைத் தேடி வந்தார். பேக்கப், தரவு மீட்பு இரண்டும்தான் என் தொழில். தன் பாடங்களை எல்லாம் வீடியோவாகப் பதிந்து, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளட்டும் என்று யூஸ்நெட்டில், அதாவது சர்வரிலிருந்து சர்வருக்குப் பதிவுகள் பரவும் பழைய செய்திக்குழு வலையில், பைனரிகளுக்கான (எழுத்தல்லாத கோப்புகளுக்கான) குழு ஒன்றில் ஏற்றியிருந்தார். மொத்தம் 4.3 ஜிபி. பிறகு வீட்டிலிருந்த ஹார்ட் டிஸ்க் போய்விட்டது. குழுவில்தான் இருக்கிறதே என்று திரும்ப இறக்கினார். ஏற்றும்போது ரார் என்ற மென்பொருளால் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி 86 துண்டுகளாக வெட்டியிருந்தார், அந்த 86-உம் வந்து சேர்ந்தன. பிரித்தால் 61-ஆவது துண்டில் செக்சம் பிழை (சரிபார்க்கும் எண் பொருந்தவில்லை) என்று காட்டி நின்றுவிட்டது.

"ஒண்ணுதானே கெட்டிருக்கு தம்பி, மீதி 25-ஐ எடுத்துக் குடுத்துடுங்க" என்றார்.

என்னால் எடுக்க முடியவில்லை. ரார் செய்யும்போது 'சாலிட்' என்ற தேர்வு டிக் ஆகியிருந்தது. அந்த முறையில் எல்லாக் கோப்புகளும் ஒரே சங்கிலியாகச் சுருக்கப்படும். நடுவில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னால் உள்ளதைப் பிரிக்க வழியில்லை. தொலைந்தது 700 கேபி. போனது ஒன்றேகால் ஜிபி. அந்த 25 துண்டுகளும் ஒரு பைட்கூடக் கெடாமல் என் கண் முன்னால்தான் இருந்தன.

அவர் மேல் தப்பில்லை. ஏற்றுவது எப்படி என்று சொல்லித்தரப் பலர் இருக்கிறார்கள். ஏற்றியதில் ஒரு பகுதி காணாமல் போகும் என்று சொல்பவர்கள் குறைவு. யூஸ்நெட்டில் அது நடக்கத்தான் செய்யும். 1979-இல் டியூக் பல்கலைக்கழக மாணவர்கள் டாம் டிரஸ்காட்டும் ஜிம் எல்லிஸும் யோசித்த இந்த ஏற்பாட்டில் தலைமைச் சர்வர் என்று ஒன்று கிடையாது. நீங்கள் ஒரு சர்வரில் போடுவதை அது பக்கத்துச் சர்வருக்குத் தரும், அது அடுத்ததற்கு. வழியில் சில பதிவுகள் (போஸ்ட்கள்) விட்டுப்போகும். சில சர்வர்கள் பழையதை அழித்துவிடும். பேராசிரியரின் 86 துண்டுகளும் குழுவில் ஏறக்குறைய 6,000 தனித்தனிப் பதிவுகளாகப் போயிருந்தன. அதில் மூன்று அவருடைய சர்வரில் இல்லை. இன்னொரு நிறுவனத்தின் சர்வரில் தேடி இரண்டைப் பிடித்தேன். மூன்றாவது எங்கேயும் கிடைக்கவில்லை.

பலர் என்கோடிங்கையே பாதுகாப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். அது வண்டி மட்டும்தான். யூஸ்நெட் எழுத்துகளுக்காகப் பிறந்தது. வீடியோவை அதில் ஏற்ற, அதன் பைட்டுகளுக்கு எழுத்து வேஷம் போட வேண்டும். அந்த வேஷம்தான் என்கோடிங். முதலில் வந்த யூயுஎன்கோட் முறை 3 பைட்டை 4 எழுத்தாக்கும். ஒரு முழு வரியில் 45 பைட் அடங்கும். 45-ஐ 32-உடன் கூட்டினால் 77, அது ஆங்கில 'எம்' எழுத்தின் எண். அதனால்தான் பழைய பதிவுகளைத் திறந்தால் இடது ஓரம் முழுக்க 'எம்' ஆக நிற்கும். இந்த முறையில் 4.3 ஜிபி வீங்கி 6 ஜிபியைத் தொடும். 2001-இல் யூர்கன் ஹெல்பிங் கொண்டுவந்த ஒய்என்க் இதை மாற்றியது. ஒவ்வொரு பைட்டோடும் 42-ஐக் கூட்டு, 255-ஐத் தாண்டினால் பூஜ்யத்திலிருந்து சுற்றி வா, அவ்வளவுதான். 214 என்ற பைட்டை எடுத்துக்கொண்டால், கூட்டி வருவது 256, அதாவது பூஜ்யம். பூஜ்யத்தை அப்படியே அனுப்பினால் வழியில் சிக்கல் வரும் என்பதால் ஒரு சமக்குறியைப் போட்டு, 64 கூட்டி எழுதும். இப்படித் தனியாகக் கவனிக்க வேண்டியவை நான்கே நான்கு. கூடுதல் எடை இரண்டு மூன்று விழுக்காட்டுக்குள் நின்றுவிடும். ஒவ்வொரு பதிவின் கடைசியிலும் சரிபார்க்கும் எண் ஒன்று இருக்கும். பதிவு கெட்டிருந்தால் அது சொல்லிவிடும். ஆனால் சரிசெய்யாது.

சரிசெய்வது பார்2 கோப்புகளின் வேலை. இவை மூலக் கோப்புகளோடு சேர்த்து ஏற்றும் மீட்புக் கோப்புகள். 1960-இல் ரீட், சாலமன் என்ற இருவர் வெளியிட்ட கணக்கு அது. சின்ன எண்களில் பார்த்தால் பிடிபடும். 7, 4, 9 என்று மூன்று எண்களை அனுப்புகிறேன். கூடவே கூட்டுத்தொகை 20. இன்னொரு தொகையும் அனுப்புகிறேன்: முதல் எண் ஒரு மடங்கு, இரண்டாவது இரண்டு மடங்கு, மூன்றாவது மூன்று மடங்கு, ஆக 42. இப்போது 4, 9 இரண்டும் தொலைந்தாலும் மீதியை வைத்துக் காகிதத்திலேயே கண்டுபிடித்துவிடலாம். எவை தொலையும் என்று முன்கூட்டித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு உதிரித் தொகை கைக்கு வந்தால் எந்த இரண்டையும் மீட்கலாம். பார்2 கோப்புகளைச் சம அளவுக் கட்டங்களாகப் பிரித்து, இதையே ஆயிரக்கணக்கான கட்டங்களுக்குச் செய்கிறது.

கட்டத்தின் அளவை மட்டும் யோசித்து வையுங்கள். நான் ஒரு பதிவுக்கு 7,16,800 பைட் வைப்பேன், பார்2 கட்டமும் அதே அளவு. அப்போது ஒரு பதிவு போனால் ஒரு கட்டம்தான் போகும். இரண்டும் பொருந்தாமல் இருந்தால் ஒரே பதிவு இரண்டு கட்டங்களைக் கெடுக்கும். 4.3 ஜிபிக்கு இது 6,000 கட்டங்கள். 5 விழுக்காடு பார்2 என்றால் 300 உதிரிக் கட்டம், 215 எம்பி. பேராசிரியருக்குத் தேவைப்பட்டது ஒரே ஒரு கட்டம். நீண்ட நாள் இருக்க வேண்டியதற்கு நான் 10 விழுக்காடு போடுவேன்.

ராரைப் பொறுத்தவரை, வீடியோ ஏற்கெனவே சுருங்கிய பொருள், அதை மறுபடி சுருக்கிப் பயனில்லை. சுருக்காமல் அடுக்கும் 'ஸ்டோர்' முறை போதும். சாலிட் வேண்டவே வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இவருக்கு முன் வந்த ஒரு வாடிக்கையாளர், பகிர வேண்டிய ஃபோல்டரோடு ஆதார் அட்டை ஸ்கேனையும் சேர்த்து ஏற்றிவிட்டார். படிக்க முடியாத எழுத்துகளாகத்தானே போயிருக்கிறது என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். எவரும் ஒரு நொடியில் பழைய வடிவுக்குக் கொண்டுவரலாம். ரத்து செய்யச் செய்தி அனுப்பும் வசதி உண்டு, பெரும்பாலான சர்வர்கள் அதைக் கண்டுகொள்வதில்லை. ஏற்றும் முன் ஃபோல்டரைத் திறந்து ஒவ்வொரு கோப்பையும் கண்ணால் பாருங்கள். பகிரும் உரிமை உங்களுக்கு இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

ஏற்றி முடித்த பிறகு, எந்தப் பதிவு எங்கே என்ற பட்டியலைத் தாங்கிய என்இசட்பி கோப்பை இரண்டு இடங்களில் வைப்பேன். மறுநாள் வேறொரு சர்வரிலிருந்து, வேறொரு கம்ப்யூட்டரில், மொத்தத்தையும் இறக்குவேன். அப்புறம் ஒரு துண்டை வேண்டுமென்றே அழித்துவிட்டு, பார்2-ஐ ஓட்டிப் பார்ப்பேன். 50 எம்பி துண்டு என்றால் 70 கட்டம் கேட்கும், 300 இருப்பதால் தாராளம். துண்டு திரும்ப வந்து, ராரும் பிழையில்லாமல் பிரிந்து, வீடியோக்கள் ஓடினால்தான் மூலப் பிரதியின் பக்கம் கை வைப்பதைப் பற்றியே யோசிப்பேன்.

பேராசிரியர் விட்டுப்போன பாடங்களை மறுபடி பதிந்துகொண்டிருக்கிறார். மின்காந்தவியல் முடிந்துவிட்டது, ஒளியியல் பாக்கி. துண்டை அழித்துப் பார்க்கும் சோதனையை இப்போது அவரே தன் வீட்டில் செய்கிறார்.