நக்கல் நிற்காத நாய்

கோயமுத்தூர்ப் பக்கம் நக்கல் என்றால் அர்த்தம் வேறு. இது நிஜமாகவே நாக்கால் நக்குகிற கதை.

கோபிச்செட்டிபாளையம் பக்கம், கீழ்பவானி வாய்க்காலுக்குக் கூப்பிடு தூரத்தில் எங்கள் தோட்டம். அங்கே ராஜா என்று ஒரு நாய், லாப்ரடார் கலப்பு, ஆறு வயது. போன ஆடியில் ஒரு ராத்திரி காத்து அடங்கிய நேரத்தில் திண்ணையிலிருந்து சளப், சளப் என்று சத்தம். தண்ணி குடிக்கிறது என்று நினைத்துத் தூங்கிவிட்டேன். மறுநாளும் அதே சத்தம். டார்ச் அடித்துப் பார்த்தால், இடது முன்னங்காலை நீட்டிப் படுத்துக்கொண்டு, மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருந்தது. கண் பாதி மூடியிருந்தது. "டேய்!" என்றேன். நிறுத்தியது, என்னைப் பார்த்தது, வாலை ஒரு தட்டுத் தட்டியது. நான் உள்ளே போனதும் மறுபடி சளப்.

அம்மாவிடம் சொன்னேன். "விடு கண்ணு, நாய் நாக்குலயே மருந்து இருக்குது, அதே ஆத்திக்கும்" என்றார். இதை நம்பாத வீடு நம் ஊரில் இல்லை. முழுப் பொய்யும் இல்லை. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தார் 1990-இல் நாயின் எச்சிலைச் சோதித்துப் பார்த்தார்கள். ஈ.கோலை கிருமியையும், நாய்களுக்கு வரும் ஒருவகை ஸ்ட்ரெப்டோகாக்கஸையும் அந்த எச்சில் கொன்றது. ஆனால் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியிடம் அதன் பாச்சா பெரிதாகப் பலிக்கவில்லை. நாயின் தோல் புண்ணில் பெரும்பாலும் குடியிருப்பது இந்தக் கடைசிக் கிருமிதான்!

எச்சிலில் மருந்து இருந்தாலும், அதைத் தடவுகிற கருவி சொரசொரப்பானது. ஒரே இடத்தில் ஆயிரக்கணக்கான தடவை உரசினால் என்ன ஆகும்? முதலில் முடி பழுப்பேறும். எச்சிலில் உள்ள போர்ஃபைரின் என்ற நிறமிதான் காரணம். வெளிர்நிற நாய்களில் துருக்கறை மாதிரி பளிச்சென்று தெரியும். அப்புறம் முடி கொட்டும். தோல், மம்முட்டி பிடித்த கை காய்த்துப்போவதுபோல் தடித்து, மேடாகி, நடுவில் சிவந்த புண்ணாகும். தோல் மருத்துவத்தில் இதற்கு ஏக்ரல் லிக் டெர்மடைட்டிஸ் என்று பெயர். லிக் கிரானுலோமா என்றும் சொல்வார்கள்.

உள்ளே நடப்பது இதைவிட மோசம். நாக்கு அழுத்தி உரசும்போது முடி வேர்ப்பக்கம் உடைந்து, அந்தத் துண்டு தோலுக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும். தன் முடியே ஆனாலும், இருக்கக்கூடாத இடத்தில் இருந்தால் உடம்புக்கு அது அந்நியப் பொருள்தான், காலில் ஏறிய கருவேல முள் மாதிரி. அதைச் சுற்றி வீங்கும், சீழ் கட்டும், கிருமி ஆழத்தில் உட்காரும். அந்த வீக்கம் அரிக்கும். அரித்தால் நக்கும், நக்கினால் இன்னும் நாலு முடி உள்ளே உடையும். செக்குமாடு சுற்றுவதுபோல் இது சுற்ற ஆரம்பித்துவிட்டால், முதலில் மாட்டை ஓட்டியவன் இறங்கிப் போனாலும் மாடு நிற்காது.

சரி, வலிக்கிற இடத்தை ஏன் நக்க வேண்டும்? முழங்கையை இடித்துக்கொண்டால் நாம் உடனே தேய்த்துவிடுகிறோமே, அதே காரணம்தான். தொடு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகள் வேகமானவை. அவை தண்டுவடத்தில், மெதுவாக வரும் வலி, அரிப்புச் சேதிகளைக் கொஞ்ச நேரம் அமுக்கிவைக்கும். அதனால் நக்குகிற வரைக்கும் சுகம், நிறுத்தினால் மறுபடி அரிப்பு. இதுபோகத் திரும்பத் திரும்ப ஒன்றையே செய்வதில் ஓர் அமைதியும் கிடைக்கிறது. ராஜாவின் பாதி மூடிய கண்ணுக்கு அர்த்தம் அதுதான்.

இதிலே மூளையின் பங்கும் உண்டு. கையைக் கழுவிக் கழுவித் தோல் உரிந்தாலும் நிறுத்த முடியாத மனிதர்கள் இருக்கிறார்கள் அல்லவா? அந்த நோயை ஆராய்ந்த ஜூடித் ராப்பபோர்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர், அந்த மனிதர்களுக்குக் கொடுக்கும் மருந்துகளையே காலை விடாமல் நக்கும் நாய்களுக்கும் கொடுத்துப் பார்த்து 1992-இல் முடிவை வெளியிட்டார். மூளையில் சேதி கடத்தும் செரடோனின் என்ற ரசாயனத்தைக் கூட்டும் மருந்துகள் கொடுத்தபோது நக்குவது குறைந்தது. வேறொரு ரசாயனத்தின் மேல் வேலை செய்யும் மனச்சோர்வு மருந்தில் அப்படிக் குறையவில்லை. மனிதர்களிடமும் இதே கதைதான். பரம்பரைக்கும் பங்கு உண்டு: தன் விலாவையே வாயில் வைத்துச் சப்பும் டாபர்மேன்களில், ஏழாவது குரோமோசோமில் இருக்கும் ஒரு மரபணுப் பகுதிக்கு இதில் தொடர்பு இருப்பதாக 2010-இல் கண்டார்கள்.

இதைப் படித்துவிட்டு "எங்க நாய்க்கு மனசு சரியில்லீங்க" என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நானும் அந்தத் தப்பைத்தான் செய்தேன். பையன் ஆனி மாசம் ஹாஸ்டலுக்குப் போனான், ஆடியில் நாய் நக்க ஆரம்பித்தது. ஏக்கம்தான் என்று கணக்குப் போட்டேன். பக்கத்துத் தோட்டத்துக் கோழியைப் பிடித்தது என்று புகார் வந்ததிலிருந்து பகலெல்லாம் சங்கிலியில் வேறு கட்டியிருந்தோம். கணக்கு கச்சிதமாகப் பொருந்தியது. இடையில் ஒரு மருந்துக்கடையில் கொடுத்த களிம்பைத் தடவினேன். களிம்பையும் சேர்த்து நக்கியது. மஞ்சளும் வேப்பெண்ணெயும் குழைத்துப் போட்டோம். கசப்புக்கு இரண்டு நாள் முகம் சுளித்தது, மூன்றாம் நாள் பழகிக்கொண்டது.

கடைசியில் ஈரோட்டில் ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோனேன். புண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவர் ராஜாவை நடக்கவிட்டுப் பார்த்தார்.

"எத்தன நாளா நக்குதுங்?"

"ரெண்டு மாசம் இருக்குங்க டாக்டர்."

"நொண்டறத கவனிச்சீங்ளா?"

கவனிக்கவில்லை. அவர் மணிக்கட்டை மடக்கியதும் ராஜா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டது. எக்ஸ்ரே எடுத்தால் மூட்டில் தேய்மானம். எப்போதோ பட்ட அடியாக இருக்கலாம் என்றார். புண்ணின் ஆழத்திலிருந்து எடுத்த சீழைப் பரிசோதனைக்கு அனுப்பினார். வந்தது ஸ்டஃபைலோகாக்கஸ். ஆக, ஆரம்பித்து வைத்தது மூட்டு வலி, ஓட்டிக்கொண்டிருந்தது கிருமி, நாள் முழுக்க நக்க நேரம் கொடுத்தது சங்கிலி.

எங்கே நக்குகிறது என்று பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். நாலு பாதமும், வயிறும், காதும் அரித்தால் ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். வாலடியைக் கடித்துக்கொண்டே இருந்தால் தெள்ளுப்பூச்சியைத் தேடுங்கள். அதன் எச்சில் ஒத்துக்கொள்ளாத நாய்க்கு நாலு கடி போதும். விரலிடுக்கு ஒன்றை மட்டும் நக்கினால் புல் ஊசியோ, முள்ளோ, உண்ணியோ இருக்கும். பின்பக்கத்தை நக்கிக்கொண்டு தரையில் தேய்த்து நகர்ந்தால் அங்கே உள்ள சுரப்பி அடைத்திருக்கும். நான் கேட்டு ஆச்சரியப்பட்டது ஒன்று: சில நாய்கள் தன்னை விட்டுவிட்டு தரையை, சுவரை, கட்டில் காலை நக்கும். கனடாவில் மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தார் இப்படிப்பட்ட 19 நாய்களைச் சோதித்து 2012-இல் எழுதினார்கள். அதில் 14 நாய்களுக்கு வயிற்றிலோ குடலிலோ கோளாறு இருந்தது. தரையை நக்குவதற்கும் வயிற்றுக்கும் முடிச்சு என்று யார் நினைப்பார்கள்?

வைத்தியம் பொறுமையைச் சோதிக்கும். ஆழத்துக் கிருமிக்கு ஆன்டிபயாடிக் வாரக்கணக்கில், பல நேரம் மாசக்கணக்கில், போக வேண்டும். மேலே காய்ந்ததும் நிறுத்தினால் உள்ளே இருப்பது திரும்பி வரும். ராஜாவுக்கு எட்டு வாரம் ஆனது. மூட்டுக்குத் தனி மாத்திரை. ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும்: வீட்டில் கிடக்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரோஃபென் மாதிரி வலி மாத்திரை எதையும் நாய்க்குக் கொடுத்துவிடாதீர்கள். வயிற்றில் புண்ணாகும், சிறுநீரகம் கெடும்.

கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினார்கள். மாரியம்மன் நோம்பிக்குக் கட்டும் குழாய் ஸ்பீக்கரை மாட்டிக்கொண்ட மாதிரி ராஜா திரிந்தது. கதவு நிலையில் இடித்தது, தண்ணித் தொட்டியில் தலை நுழையாமல் முழித்தது. அகலமான பேசினில் தண்ணி வைத்தோம். கூம்பு அரிப்பைக் குணமாக்காது, செக்கை நிறுத்திவைக்கும், அவ்வளவுதான். நோயைப் பார்க்காமல் கூம்பை மட்டும் மாட்டுவது, அழுகிற பிள்ளையின் வாயைப் பொத்துகிற மாதிரி.

மனசுக்கான மாத்திரையை மருத்துவர் எழுதவில்லை. உடம்பைச் சரிபண்ணிய பிறகும் நிற்காவிட்டால் பார்க்கலாம் என்றார். அது சரியான வரிசை என்றே நினைக்கிறேன். அந்த மாத்திரைகள் முழுசாக வேலை செய்யவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். நாமாக ஆரம்பிக்கவோ சட்டென்று நிறுத்தவோ கூடாது.

மாத்திரைக்குப் பதில் அவர் கொடுத்தது வீட்டுப்பாடம். ஆள் இல்லாதபோது நாய் என்ன செய்கிறது என்று ஃபோனை ஜன்னலில் சாய்த்து வைத்துப் படம் எடுக்கச் சொன்னார். தனியாக விட்டால் மட்டும் நக்குகிறதா, நாம் பார்க்கும்போது மட்டுமா என்பதில் வித்தியாசம் இருக்கிறது. பார்க்கும்போது மட்டும் என்றால், நான் "டேய்" என்று கத்தியதே அதற்குக் கூலி. படத்தில் ராஜா காலை பத்து மணிக்கு மேல் சங்கிலியில் படுத்தபடி நாற்பது நிமிஷம் நக்கியது. மூட்டு வலி இருந்தும், வாய்க்கால் கரையில் நடந்துவந்த நாளில் அந்த நேரம் பாதியாகக் குறைந்தது. ஓட விடவில்லை, மெதுவாக, ஒவ்வொரு புதரையும் மோந்து பார்க்கவிட்டு நடந்தோம். சோறு போடுவதையும் மாற்றினோம். தட்டில் வைத்தால் ஒரு நிமிஷத்தில் முடித்துவிடும். உலர்தீனியில் ஒரு பங்கை வாசலில் கோழிக்கு இறைக்கிற மாதிரி இறைத்துவிட்டால், இருபது நிமிஷம் மூக்கைத் தரையில் வைத்துக்கொண்டு தேடும். அந்த இருபது நிமிஷமும் நாக்குக்கு வேறு வேலை. பகல் சங்கிலியை அவிழ்த்துவிட்டு, வீட்டைச் சுற்றி மட்டும் கம்பிவலை அடித்தோம். கோழிக்காரருக்கும் நிம்மதி.

இப்போது அந்த இடத்தில் ஒரு ரூபாய்க் காசளவு முடியில்லாத தழும்பு இருக்கிறது. பனி விழும் காலையில் மூட்டு பிடித்துக்கொண்டால் நாக்கு அங்கே போகும். நான் கத்துவதில்லை. ரெண்டு வாய் தீனியை எடுத்துப் போய் வாசலில் இறைக்கிறேன். "அதுக்குத் தெரிஞ்சே நக்குது, தீனிக்குத்தான்" என்கிறார் அம்மா. அதுவும் இருக்கலாம்.