பேட்ச்: வடத்திலிருந்து ஒலியமைவு வரை

மேசைக்கணினியிலும் மடிக்கணினியிலும் இயங்கிவந்த மேடை இசை மென்பொருள்களை டேப்லெட்டுக்குக் கொண்டுவருவது பற்றிப் பேசும் கீபோர்டு கலைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "என் பேட்ச்களை அப்படியே ஐபேடுக்கு மாற்ற முடியுமா?" என்பதைத்தான். 'பேட்ச்' என்ற சொல்லால் எதைக் குறிக்கிறோம் என்பது தெளிவானால்தான் இதற்கு விடை சொல்ல முடியும். இசையில் அந்தச் சொல்லோ அறுபது ஆண்டுகளுக்குள் அடுத்தடுத்து மூன்று பொருள்களை ஏற்றிருக்கிறது. அதற்குத் தக்க தமிழ்ச்சொல்லையும் அவற்றைப் பார்த்தே தேட வேண்டும்.

ஆங்கிலத்தில் இது முதலில் கிழிசலின்மேல் வைத்துத் தைக்கும் துணித்துண்டைக் குறித்தது. தொடக்ககாலக் கணினிகளின் துளைநாடாவில் தவறான இடத்தின்மேல் தாள் ஒட்டித் திருத்திய வழக்கத்தால், நிரல் திருத்தத்துக்கும் அதுவே பெயராயிற்று. அதைத் தமிழில் 'ஒட்டு' என்பது பொருத்தமே. இசையில் வழங்கும் பேட்ச் வேறு கிளையைச் சேர்ந்தது. தொலைபேசி இணைப்பகங்களிலும் ஒலிபரப்பு நிலையங்களிலும் இரண்டு மின்சுற்றுகளைக் குட்டையான வடம் ஒன்றால் தற்காலிகமாகச் சேர்ப்பதை அப்படி அழைத்தனர். கிதாரிலும் கீபோர்டிலும் இன்றும் செருகப்படும் 6.35 மி.மீ. செருகி அந்த இணைப்பகங்களின் வழிவந்ததுதான்.

1960-களில் ராபர்ட் மூகும் டான் புக்லாவும் உருவாக்கிய சிந்தசைசர்களில், அதாவது மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் கருவிகளில், அலைவாக்கி, வடிப்பான், பெருக்கி ஆகியவை தனித்தனிப் பெட்டகங்களாக இருந்தன. எதன் வெளியீடு எதனுள் செல்ல வேண்டும் என்பதை வடங்களே தீர்மானித்தன. ஓர் ஒலியைப் பெறுவதற்காகச் செருகப்பட்ட வடங்களின் மொத்த ஏற்பாடும் குமிழ்களின் நிலைகளும் சேர்ந்து 'பேட்ச்' எனப்பட்டன. அதைப் பாதுகாத்து வைக்கத் தாளில் படம் வரைந்துகொள்வதைத் தவிர வேறு வழியில்லை. இரண்டு பாட்டுகளுக்கு நடுவே அத்தனை வடங்களையும் பிடுங்கி மாற்றுவது மேடையில் ஆகிற காரியமும் இல்லை. 1970-இல் வந்த மினிமூக் சிந்தசைசர், பெட்டகங்களை உள்ளேயே நிலையாக இணைத்து வடங்களை ஒழித்தது. 1978-இல் வந்த புரோஃபெட்-5 சிந்தசைசர், நுண்செயலியின் துணையால் 40 ஒலிகளைத் தன் நினைவகத்தில் வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தியதும் மீட்டுத் தந்தது. வடம் போன பின்னும் பெயர் போகவில்லை; சேமித்து வைத்த ஒலியே பேட்ச் ஆயிற்று.

மின்னணு இசைக்கருவிகள் ஒன்றுக்கொன்று கட்டளை அனுப்பிக்கொள்வதற்காக 1983-இல் அறிமுகமான மிடி நெறிமுறை, 'புரோகிராம் மாற்று' என்னும் கட்டளையால் 128 ஒலிகளுள் ஒன்றை அழைக்க வழிசெய்தது. இந்தக் கட்டளையில் ஒலி எதுவும் செல்வதில்லை. ஓர் எண் மட்டுமே செல்கிறது. அந்த எண்ணுக்கு எந்த ஒலி பிறக்கும் என்பது பெறும் கருவியைப் பொறுத்தது. 1991-இன் ஜெனரல் மிடி தரம் எண்களை வரிசைப்படுத்தி 105-ஐச் சிதாருக்கும் 112-ஐ ஷெனாய்க்கும் ஒதுக்கியது. நாகசுரத்துக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. கருவி நிறுவனங்களும் ஒரே பெயரில் நிற்கவில்லை: ரோலண்ட் 'பேட்ச்' என்றும் 'டோன்' என்றும், யமஹா 'வாய்ஸ்' என்றும், கோர்க் 'புரோகிராம்' என்றும் எழுதின. நம் மெல்லிசை மேடைகளில் நிலைத்தது 'டோன்' என்பதே.

மூன்றாம் பொருள் மென்பொருளால் வந்தது. ஆப்பிள் 2007-இல் வெளியிட்ட மெயின்ஸ்டேஜ் என்னும் மேடை இசை மென்பொருளில் 'கச்சேரி' எனப்படும் கோப்புக்குள் தொகுதிகளும் தொகுதிக்குள் பேட்ச்களும் அமைகின்றன. இங்கே ஒரு பேட்ச் என்பது எந்தச் செருகுநிரல்கள் (மென்பொருளுக்குள் சேர்ந்து இயங்கி ஒலி தரும் சிறு நிரல்கள்) இயங்க வேண்டும், விசைப்பலகையின் எந்தப் பகுதி எதை ஒலிக்க வேண்டும், எந்தக் குமிழ் எதைத் திருப்ப வேண்டும் என்பன அனைத்தையும் ஒருங்கே குறித்துவைத்த நிலை. அதே வகை மென்பொருளான கிக் பெர்ஃபார்மர் இதையொத்த ஒன்றை 'ரேக்ஸ்பேஸ்' என்கிறது. கேமலாட் என்னும் இன்னொன்று 'சீன்' என்கிறது.

டேப்லெட்டுக்கு மாறும்போது சிக்கல் எழுவது இந்த மூன்றாம் பொருளால்தான். கணினியில் சேமித்த பேட்ச் கோப்பில் ஒலி இருப்பதில்லை. இன்ன செருகுநிரலை இன்ன அளவுகளோடு திற என்ற குறிப்புகளே இருக்கின்றன. கணினிக்கென எழுதிய வி.எஸ்.டி. செருகுநிரலை ஐபேட் ஏற்காது. அங்கே 2015-இல் ஐஓஎஸ் 9-உடன் வந்த ஏ.யூ.வி.3 வடிவத்தில் அது மீண்டும் வெளியிடப்பட்டிருக்க வேண்டும். உண்மைப் பியானோவின் ஒலியைப் பதிவுசெய்து வைத்திருக்கும் மாதிரியொலிப் பியானோக்கள் பல கிகாபைட்டுகளை விழுங்குபவை என்பதால், உற்பத்தியாளர்கள் பலர் அந்த வேலையில் இறங்கவே இல்லை. கேமலாட் போல இரு பக்கமும் ஓடும் மென்பொருளில்கூடப் பாட்டு வரிசையும் சீன்களும் கடந்து வரலாம். செருகுநிரல் இல்லாத இடம் மௌனமாகவே இருக்கும். 2023-இல் ஆப்பிளின் இசைப்பதிவு மென்பொருளான லாஜிக் புரோ ஐபேடுக்கு வந்தபோது மெயின்ஸ்டேஜ் உடன் வரவில்லை. லாஜிக் ரிமோட் செயலியைக் கொண்டு ஐபேடிலிருந்து மெயின்ஸ்டேஜின் பேட்சை மாற்றலாம் என்பது உண்மைதான். ஆனால் ஒலி பிறப்பது மேக் கணினியில், டேப்லெட் வெறும் தொடுபலகை. இவ்வேறுபாட்டைச் சொல்லாமல் 'டேப்லெட்டில் இயங்கும்' என்று விளம்பரம் செய்வது வாங்குபவரை ஏமாற்றுவதற்குச் சமம்.

ஆகவே தமிழ்ச்சொல்லைத் தேடுகையில் 'ஒட்டு' இங்கே உதவாது. இந்தப் பேட்ச் எதையும் திருத்துவதில்லை. 'ஒலி' என்றால் கோப்புக்குள் ஒலியே இருப்பதாகத் தவறாகப் பொருள்படும். 'இணைப்பு' என்பது வடம் இருந்த காலத்துப் பொருளோடு நின்றுவிடுகிறது. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் யாழ் வாசிப்பின் எண்வகைச் செயல்களுள் முதலாவதாக வரும் 'பண்ணல்', கருவியை இசைக்கு ஆயத்தம் செய்வதைச் சுட்டுவதால் மனத்தை ஈர்க்கிறது. ஆயினும் இன்றைய காதுக்குப் 'பண்ணமைவு' என்பது இராகத்தைச் சார்ந்த சொல்லாகவே கேட்கும். ஒரே பேட்சில் எந்த இராகத்தையும் வாசிக்கலாம் என்பதால் அது குழப்பத்தையே தரும். 'ஒலியமைவு' என்பதே எனக்குத் தக்கதாகப் படுகிறது. 'அமைவு' என்ற சொல், உள்ளே இருப்பது ஒலியன்று, ஒலி பிறப்பதற்கான ஏற்பாடு என்பதைத் தாங்கிநிற்கிறது.

இதிலிருந்து பிற வடிவங்களும் எளிதாகக் கிடைக்கின்றன. பாட்டுக்குப் பாட்டு மாற்றுவது ஒலியமைவு மாற்றம்; மிடி வழியே அனுப்புவது ஒலியமைவு எண்; கச்சேரிக்கு வேண்டியவற்றை வரிசையாக வைத்திருப்பது ஒலியமைவுத் தொகுதி. "கணினியிலுள்ள ஒலியமைவுகளை ஐபேடில் புதிதாக உருவாக்க வேண்டியிருந்தது, அவை அழைக்கும் செருகுநிரல்களுள் இரண்டுக்கு ஐபேட் வடிவம் இல்லை" என்று எழுதினால் பொருள் மயங்காது. வடங்களைச் செருகி இசைக்கும் சிந்தசைசர்களைப் பற்றி எழுதும்போது மட்டும் 'வட இணைப்பு' என்று பிரித்துச் சொல்வது நல்லது.