பெரியம்மாவின் காதில் பிழையில்லை

கோண்டாவிலில் இருக்கும் என் பெரியப்பா, பெரியம்மாவுக்குக் காது மந்தமாகிவிட்டது என்று ஒரு வருடமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தபடி தேத்தண்ணி கேட்பார். குசினியிலிருந்து பதில் வராது. "கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை நோகுது, இவவுக்கு ஒண்டும் விளங்குதில்லை" என்பார். ஒருநாள் அவர் பேசுவதைக் கைபேசியில் பதிந்து அவருக்கே போட்டுக் காட்டினேன். இரண்டு தரம் கேட்டுவிட்டு, "இது என்ர குரலோ?" என்றார்.

அவருக்குப் பார்க்கின்சன் நோய். இதற்கு மூச்சுப் பயிற்சி ஏதும் உதவுமா என்பதுதான் இங்கே கேள்வி. ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற லண்டன் மருத்துவர் 1817இல் இதை 'நடுக்கவாதம்' என்று எழுதிவைத்ததாலோ என்னவோ, இன்றுவரை எல்லோர் கண்ணும் கை நடுக்கத்திலேயே நிற்கிறது. ஆனால் இந்த நோயின் அடிப்படைக் குணம் அசைவு சிறுத்துப்போவதுதான். நடுமூளையில் கறுப்பாகத் தெரியும் ஒரு சிறு பட்டையில் டோபமைன் என்ற இரசாயனத்தைச் சுரக்கும் கலங்கள் மெல்ல மெல்ல அழிகின்றன. எந்த அசைவை எவ்வளவு பெரிதாகச் செய்வது என்று அளந்து கொடுக்கும் வேலை அதனால் குழம்புகிறது. கையெழுத்து எறும்பு ஊர்ந்த மாதிரி ஆகிறது, நடக்கும் எட்டு குறுகுகிறது, மூச்சும் குறுகுகிறது. இதில் கொடுமை என்னவென்றால், சிறுத்தது நோயாளிக்கே தெரியாது. முழுக் குரலில் பேசுகிறோம் என்றுதான் அவர் நம்புவார்.

குரல் என்பது வெளியே விடும் மூச்சுத்தான். குரல்நாண்களுக்குக் கீழே காற்றின் அழுத்தம் போதாவிட்டால் சத்தம் எழும்பாது. பார்க்கின்சனில் விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகளும் இறுகிவிடுவதால் நெஞ்சுக்கூடு முழுதாக விரிவதில்லை. குரல் போனால் போகட்டும் என்று விடலாம், இருமலை அப்படி விட முடியாது. பலமாக இருமுவதற்கு முதலில் ஆழமாக மூச்செடுக்க வேண்டும். விழுங்குவதிலும் சிரமம் உள்ள ஒருவருக்கு இருமலும் பலவீனமானால், சோறோ தண்ணீரோ மூச்சுக்குழாய்க்குள் போய் நிமோனியாவாகிவிடும். இந்த நோயாளிகள் இறப்பதற்கு முக்கிய காரணங்களில் அது ஒன்று.

சரி, மூச்சுப் பயிற்சி இதில் என்ன செய்யும்? செத்த கலங்களை உயிர்ப்பிக்காது. டோபமைனைக் கொண்டுவராது. குளிசையை நிறுத்திவிட்டுப் பிராணாயாமம் செய்யச் சொல்லுகிறவரிடமிருந்து தேத்தண்ணியைக் குடித்துவிட்டு எழும்பி வந்துவிடலாம்.

மூச்சுக்கு இரண்டு எசமானர்கள். மூளையின் அடியில், முகுளத்தில் இருக்கும் ஒரு சிறு நரம்புக் கூட்டம், நாம் தூங்கினாலும் மூச்சின் தாளத்தைப் போட்டுக்கொண்டே இருக்கும். ஜாக் ஃபெல்ட்மன் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 1991இல் எலிகளில் அதை அடையாளம் கண்டார்கள். மற்ற எசமான் மூளையின் மேற்பட்டை. நாம் வேண்டுமென்று மூச்செடுக்கும்போது அங்கிருந்து கட்டளை நேராக முள்ளந்தண்டு வடத்துக்கு இறங்கி, கழுத்தின் 3, 4, 5ஆம் மட்டங்களிலிருந்து புறப்படும் நரம்பு வழியாக உதரவிதானத்துக்குப் போகிறது. இதயத்துடிப்பையோ குடலின் அசைவையோ இப்படிக் கையில் எடுக்க முடியாது. மூச்சை முடியும்.

கால் நிலத்தில் ஒட்டியதுபோல் உறைந்து நிற்கும் பார்க்கின்சன் நோயாளி சிலருக்கு முன்னால் தரையில் ஒரு கோடு போட்டால், அதைத் தாண்டிக் காலை எட்டி வைத்துவிடுவார். தன்பாட்டில் நடக்கும் வழி பழுதாகிவிட்டது, ஆனால் ஒன்றைப் பார்த்து, நினைத்துச் செய்யும் வழி ஓரளவு திறந்தே இருக்கிறது. பெரியப்பா மாபிள் தரையின் கோடுகளை எண்ணித்தான் குசினிக்குப் போவார். மூச்சுப் பயிற்சியில் 'நாலு எண்ணும் வரை உள்ளே, ஆறு எண்ணும் வரை வெளியே' என்பதும் அப்படித்தான். எண்ணிக்கை, மூச்சுக்குப் போட்ட கோடு.

நாலும் ஆறும் பத்து விநாடி, நிமிடத்துக்கு ஆறு மூச்சு. சும்மா இருக்கும்போது நாம் 12 முதல் 20 வரை எடுப்போம். ஆறுக்கு ஒரு தனிச் சிறப்பு உண்டு. கழுத்து நாடியிலும் பெருநாடியிலும் உள்ள அழுத்த உணரிகள் இரத்த அழுத்தத்தைப் பார்த்து இதயத்துக்குச் சொல்லி, அதன் விளைவு திரும்பி வரும் சுற்று ஏறக்குறைய பத்து விநாடிக்கு ஒருமுறை ஊசலாடுகிறது. மூச்சும் அதே தாளத்தில் வந்தால், ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளியதுபோல் இரண்டும் சேர்ந்து வலுக்கின்றன. இத்தாலிய மருத்துவர் லூசியானோ பெர்னார்டியின் குழு 2001இல் 23 பேரை லத்தீனில் செபமாலை சொல்லவும், 'ஓம் மணி பத்மே ஹூம்' சொல்லவும் வைத்து அளந்தது. இரண்டிலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறளவில் வந்து நின்றது. பாசையூரில் பின்னேரம் செபமாலை சொல்லும்போது ஒரு பக்கத்தார் பாதியைச் சொல்ல மற்றப் பக்கத்தார் மீதியைச் சொல்லுவார்களே, அதற்குள்ளும் ஒரு மூச்சுக் கணக்கு இருக்கிறது.

ஆனால் அந்த 23 பேரும் நல்ல சுகமாக இருந்தவர்கள். பார்க்கின்சன் இதயத்துக்குப் போகும் தன்னியக்க நரம்புகளையும் பழுதாக்குவதால், அதே விளைவை அதே அளவில் எதிர்பார்ப்பது சரியில்லை. பதற்றம் குறைவதே பெரிய இலாபம் என்பேன். பதற்றத்தில் நடுக்கம் கூடும் என்பதை நாலு பேர் முன்னால் சட்டைப் பொத்தான் பூட்ட முயன்ற எந்த நோயாளியும் சொல்லுவார்.

அப்புறம் பிரமரி, வண்டு ரீங்காரம் போல் 'ம்ம்ம்' என்று முனகுவது. முனகும்போது மூக்கிலிருந்து வரும் நைட்ரிக் ஆக்சைடு ஏறக்குறைய 15 மடங்காகிறது என்று 2002இல் சுவீடனில் அளந்திருக்கிறார்கள். அது மூளை நரம்பைக் காக்கும் என்று அதிலிருந்து தாவக் கூடாது. பிரமரியின் உண்மையான பயன் அதைவிட எளியது. மூச்சை நீளமாக, ஒரே சீராக, சத்தத்தோடு வெளியே விட வைக்கிறது. தேவாரத்தின் ஓரடியை ஒரே மூச்சில் பாடுவதும் அதையேதான் செய்கிறது. வேகமாக அடிக்கும் கபாலபாதியையும் பஸ்திரிகாவையும் விட்டுவிடலாம். இரத்தத்தில் காபனீரொட்சைட்டு குறைந்தால் மூளையின் குருதிக்குழாய்கள் சுருங்கித் தலை சுற்றும். எழும்பும்போது இரத்த அழுத்தம் இறங்கும் நோயாளி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொள்ள அது போதும். மூச்சை அடக்கி வைக்கும் கும்பகமும் வேண்டாம். தசைகளை இயக்கும் நரம்புகளே அழியும் இயக்க நரம்பணு நோய் வேறு கதை. அங்கே களைத்துப்போகும் தசையைப் பிழிந்தெடுக்கக் கூடாது, வைத்தியரைக் கேட்காமல் தொடங்கவே கூடாது.

பெரியப்பா காலைக் குளிசை வேலை செய்யத் தொடங்கிய பிறகு, முதுகு நிமிர்ந்த மரக்கதிரையில் இருந்து பத்து நிமிடம் செய்கிறார். முடிவில் ஒரு நீண்ட 'ஆ'. பெரியம்மா மணிக்கூட்டைப் பார்த்து விநாடி எண்ணிக் கலண்டரில் குறித்துவைக்கிறார். தொடங்கிய கிழமை 6, 7 என்று இருந்தது, இப்போது 11, 12. குளிசை பிந்திய ஒரு நாளில் மட்டும் 5. பெரியப்பாவைக் குறிக்க விடுவதில்லை. அவர் எழுதினால் எட்டுக்கும் மூன்றுக்கும் வித்தியாசம் தெரியாதாம்.