அலர்ஜி ரத்தப் பரிசோதனை எதை அளக்கிறது?

ஒரு குழந்தையின் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ‘வேர்க்கடலை 1.8’ என்று ஒரு வரி, பக்கத்தில் ‘பாசிட்டிவ்’ என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதுவரை வேர்க்கடலையை ஆசையாகத் தின்றுகொண்டிருந்த குழந்தை அது. எந்தத் தொந்தரவும் வந்ததில்லை. ஆனால் அன்றிலிருந்து வீட்டில் வேர்க்கடலைக்குத் தடை. அந்தத் தடை பெரும்பாலும் தேவையில்லாதது, சில நேரம் கெடுதலும்கூட. ஏன் என்று புரிய, அந்த 1.8 எதைக் கணக்கெடுத்தது என்று பார்க்க வேண்டும்.

1921-இல் கார்ல் பிரவுஸ்னிட்ஸ், ஹைன்ஸ் கூஸ்ட்னர் என்ற இரண்டு ஜெர்மன் மருத்துவர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கூஸ்ட்னருக்குச் சமைத்த மீன் ஒத்துக்கொள்ளாது. பிரவுஸ்னிட்ஸுக்கு மீனால் ஒரு தொல்லையும் இல்லை. கூஸ்ட்னரின் ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரான சீரத்தைப் பிரவுஸ்னிட்ஸ் கொஞ்சம் எடுத்துத் தன் தோலில் ஊசியால் ஏற்றிக்கொண்டார். மறுநாள் அதே இடத்தில் மீன் சாற்றை ஏற்றியபோது தோல் சிவந்து தடித்தது. ஒருவரின் அலர்ஜி இன்னொருவரின் தோலில், அந்தச் சிறு வட்டத்துக்குள் மட்டும், குடியேறிவிட்டது! ஒவ்வாமையை உண்டாக்கும் பொருள் சீரத்தில் இருக்கிறது, அது தோலில் ஒட்டிக்கொண்டு காத்திருக்கவும் செய்யும் என்று இரண்டு விஷயங்கள் இதில் தெரிந்தன. இரண்டாவது விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பொருள் இன்னதென்று தெரிய மேலும் 45 ஆண்டுகள் ஆயின. அமெரிக்காவின் டென்வரில் இஷிசாகா தம்பதியும், சுவீடனின் உப்சாலாவில் யோஹான்சன், பென்னிக் இருவரும் தனித்தனியாக அதைக் கண்டறிந்தார்கள். அது ஒரு ஆன்டிபாடி, அதாவது வெளியிலிருந்து வரும் பொருளைப் பிடிக்க உடல் உண்டாக்கும் புரதம். 1968-இல் அதற்கு ‘ஐஜிஇ’ என்று பெயர் வந்தது. இத்தனை காலம் அது பிடிபடாமல் இருந்ததற்கு முக்கியக் காரணம், ரத்தத்தில் அது அவ்வளவு குறைவு என்பதுதான். கிருமிகளோடு போராடும் ‘ஐஜிஜி’ என்ற இன்னொரு ஆன்டிபாடி ஒரு மில்லிலிட்டர் சீரத்தில் சுமார் 10 மில்லிகிராம் இருக்கும். ஐஜிஇ அதில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான்.

இவ்வளவு அரிதான பொருளை எப்படி அளப்பது? வேர்க்கடலைப் புரதத்தை ஒரு சிறு பஞ்சு போன்ற பரப்பில் பதித்துவைப்பார்கள். அதன்மேல் நோயாளியின் சீரத்தை விடுவார்கள். வேர்க்கடலையைப் பிடிக்கத் தெரிந்த ஆன்டிபாடிகள் எல்லாம் அதில் ஒட்டிக்கொள்ளும். மற்றவை கழுவும்போது போய்விடும். அப்புறம், ஐஜிஇ-யை மட்டும் பிடிக்கும் இன்னொரு ஆன்டிபாடியை விடுவார்கள். அதன் முதுகில் ஒரு நொதி கட்டியிருக்கும். மறுபடி கழுவி, அந்த நொதி ஒளிரச்செய்யும் ஒரு ரசாயனத்தைச் சேர்த்தால், ஒளி எவ்வளவோ ஐஜிஇ அவ்வளவு. தொடக்க காலத்தில் நொதிக்குப் பதிலாகக் கதிரியக்க அயோடினைக் கட்டிவிட்டார்கள். முறை அடிப்படையில் அதேதான்.

ஆனால் இந்தப் பரிசோதனை பார்ப்பது ரத்தத்தில் சுற்றும் ஐஜிஇ-யைத்தான். அலர்ஜியை நடத்துவதோ தோல், மூக்கு, குடல் போன்ற இடங்களில் இருக்கும், ‘மாஸ்ட் செல்’ எனப்படும் தற்காப்பு செல்களின் மேல் ஒட்டியிருக்கும் ஐஜிஇ. ரத்தத்தில் உள்ளதில் பாதி இரண்டு நாளில் மறைந்துவிடும்; செல்லில் ஒட்டியது வாரக்கணக்கில் இருக்கும். பிரவுஸ்னிட்ஸின் தோலில் காத்திருந்தது அதுதான். அலர்ஜிக்குக் காரணமான புரதம் வந்து, அக்கம்பக்கத்தில் உள்ள இரண்டு ஐஜிஇ-களை ஒன்றாகப் பிணைத்தால்தான் செல் வெடித்ததுபோல, அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் ஹிஸ்டமினைக் கொட்டும். ஐஜிஇ இருந்தும் அது புரதத்தை இறுக்கிப் பிடிக்காவிட்டாலோ, புரதத்தில் பிடிக்க ஒரே ஓர் இடம்தான் இருந்தாலோ ஒன்றும் நடக்காது.

பிர்ச் மரத்தின் மகரந்தத்தால் மூக்கு ஒழுகுகிறவர்கள் பலருக்கு வேர்க்கடலை ‘பாசிட்டிவ்’ வரும். மகரந்தத்தில் உள்ள ஒரு புரதத்தின் சாயலில் வேர்க்கடலையிலும் ஒரு புரதம் இருப்பதே காரணம். ‘அரா எச் 8’ என்ற அந்தப் புரதம் சூட்டிலும் செரிமானத்திலும் எளிதில் சிதையும். பெரும்பாலும் வாயில் லேசான அரிப்போடு சரி. ‘அரா எச் 2’ அப்படியல்ல, வயிற்றைத் தாண்டியும் உருக்குலையாமல் போகும். கடுமையான அலர்ஜியோடு அதிகம் தொடர்புள்ளது இதுதான். இன்று இவற்றைத் தனித்தனியாக அளக்க முடிகிறது. என்னைக் கேட்டால் இந்தத் துறையில் அண்மைக்காலத்தில் வந்த மிகப் பயனுள்ள முன்னேற்றம் இதுவே. முழு வேர்க்கடலைக்கு வந்த 1.8-இன் பின்னால் இந்த இரண்டில் எது இருக்கிறது என்பதில் எல்லாமே மாறிவிடும்.

சரி, எண்ணுக்கு அர்த்தமே இல்லையா? இருக்கிறது. லிட்டருக்கு 0.35 கிலோ யூனிட்டைத் தாண்டினால் ‘பாசிட்டிவ்’ என்பது பழைய எல்லைக்கோடு. இன்றைய கருவிகள் 0.1 வரைகூடக் காட்டும். எண் ஏற ஏற, சாப்பிட்டால் அலர்ஜி வரும் வாய்ப்பு கூடுகிறது. 2001-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், உணவு அலர்ஜி இருக்குமோ என்று மருத்துவரிடம் வந்த குழந்தைகளில், முட்டைக்கு 7, வேர்க்கடலைக்கு 14 என்ற அளவைத் தாண்டியவர்களுக்கு அலர்ஜி இருக்க 95 விழுக்காடு வாய்ப்பு இருந்தது. ஆனால் அலர்ஜி வந்தால் அது எவ்வளவு கடுமையாக இருக்கும் என்பதை இந்த எண் நம்பகமாகச் சொல்லாது. குறைந்த எண் உள்ளவருக்கும் மூச்சு முட்டலாம்.

அலர்ஜிப் பொருளைத் தோலில் லேசாகக் குத்திப் பார்க்கும் இன்னொரு சோதனையும் உண்டு. அதற்கு முன் ஆன்டிஹிஸ்டமின் மாத்திரைகளைச் சில நாள் நிறுத்த வேண்டும். ரத்தப் பரிசோதனைக்கு வேண்டியதில்லை. உடம்பெல்லாம் கரப்பான் (எக்சிமா) என்ற தோல் நோய் உள்ளவர்களுக்கும் ரத்தப் பரிசோதனை வசதி.

‘உணவு ஒவ்வாமைப் பரிசோதனை’ என்ற பெயரில் நூற்றுக்கணக்கான உணவுகளுக்கு ஐஜிஜி அளந்து தருகிறார்களே, அதை நம்பி எதையும் ஒதுக்காதீர்கள். ஒரு உணவுக்கு எதிராக ஐஜிஜி இருந்தால், அதை அடிக்கடி சாப்பிட்டிருக்கிறீர்கள் என்றுதான் பெரும்பாலும் பொருள். ஐரோப்பிய அலர்ஜி மருத்துவர்களின் அமைப்பு 2008-லேயே இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது.

காரணமின்றி ஒதுக்குவதால் என்ன நஷ்டம் என்று தோன்றலாம். 2015-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றில், அலர்ஜி வரும் ஆபத்து அதிகமுள்ள கைக்குழந்தைகளில் ஒரு பாதியினருக்கு வேர்க்கடலை உணவைத் தொடர்ந்து கொடுத்தார்கள். மறுபாதியினரை அதன் பக்கமே விடவில்லை. ஐந்து வயதில் பார்த்தபோது, சாப்பிட்ட குழந்தைகளிடம் வேர்க்கடலை அலர்ஜி சுமார் 80 விழுக்காடு குறைவாக இருந்தது.

அதனால் அந்த 1.8-ஐக் கையில் வைத்திருக்கும் மருத்துவர் முதலில் கேட்க வேண்டியது: கடைசியாக எப்போது சாப்பிட்டது, எவ்வளவு, அடுத்த இரண்டு மணி நேரத்தில் என்ன ஆயிற்று? தாராளமாகத் தின்றும் ஒன்றும் ஆகவில்லை என்றால், அந்த எண்ணுக்காக நிறுத்தத் தேவையில்லை. முன்பு தடிப்போ வாந்தியோ மூச்சுத் திணறலோ வந்திருந்தால் வீட்டில் சோதித்துப் பார்க்கவே கூடாது. இரண்டுக்கும் நடுவே குழப்பமாக இருந்தால் மருத்துவமனையில், அவசர மருந்து பக்கத்திலிருக்க, துளியளவில் தொடங்கி இருபது, முப்பது நிமிட இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக் கொடுப்பார்கள். முழு அளவையும் தின்றுவிட்டுச் சில மணி நேரம் கழித்தும் குழந்தை விளையாடிக்கொண்டிருந்தால், அதற்கு வேர்க்கடலை அலர்ஜி இல்லை. ரத்தத்தில் அந்த 1.8 அப்போதும் இருக்கும்.