புரொவொகேட்டிவ்: சீண்டலா, அறைகூவலா?

திருகோணமலையில், டச்சு பே கடற்கரையிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு மண்டபம். அங்கே நடந்த இளம் கலைஞர்களின் கண்காட்சிக்குத் தமிழ்க் கையேடு எழுதித் தரும்படி என்னைக் கேட்டிருந்தார்கள். ஆங்கிலக் குறிப்பில் ‘பால்நிலை வகிபாகங்கள் பற்றிய புரொவொகேட்டிவ் ஆர்ட்’ என்ற பொருளில் ஒரு வரி. பால்நிலை வகிபாகம் என்றால் ஆணுக்கு இது, பெண்ணுக்கு இது என்று சமூகம் ஒதுக்கிவைக்கும் பங்கு. இரண்டும் இலங்கைத் தமிழில் நன்றாகப் பழகிவிட்ட சொற்கள். புரொவொகேட்டிவ்தான் என்னை இரண்டு நாள் இருத்தி வைத்தது.

உடனே கைக்கு வந்தது ‘ஆத்திரமூட்டும்’. ஆத்திரமூட்டும் பேச்சு, ஆத்திரமூட்டும் செயல் என்று பத்திரிகையில் அடிக்கடி பார்க்கிறோம். சட்டத்திலும் இதற்கு இடம் உண்டு. 1883ஆம் ஆண்டின் இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் 294ஆம் பிரிவு, கடுமையான திடீர் ஆத்திரமூட்டலால் தன்னடக்கம் இழந்து ஒருவர் செய்த கொலையை ஒரு படி குறைந்த குற்றமாக எண்ண இடம் தருகிறது. இங்கிலாந்திலும் இப்படியொரு விதி இருந்தது. மனைவியைக் கொன்றவன் ‘அவள்தான் என்னை உசுப்பினாள்’ என்று சொல்லிப் பழியை இறக்கிவைக்க அது வழிவிடுகிறது என்று பெண்கள் நெடுங்காலம் எதிர்த்தார்கள். 2009இல் இயற்றிய சட்டம் அந்தப் பழைய விதியை அங்கே ஒழித்தது. ஆத்திரமூட்டல் என்று சொன்ன கணமே பழி முழுவதும் மூட்டியவர் தலையில் விழுகிறது. ஆத்திரப்பட்டவர் பற்றவைத்தால் எரிகிற வெறும் விறகாகிவிடுகிறார். பெண்களின் வாழ்வைப் பேச வந்த கலைக்கு இந்தப் பெயரை வைக்க எனக்குக் கை வரவில்லை.

சரி, ‘சீண்டும்’ என்று போடலாமா? சீண்டுதல் என்றால் தொடுதல், குத்திக் கிளறுதல். பஸ்ஸில் பெண்ணைச் சீண்டினான் என்று சொல்கிற அதே சொல். எங்கள் பேச்சில் சேட்டை விடுதல், சொறிதல், கொழுவுதல் எல்லாம் இந்தப் பக்கத்தவைதான். சீண்டுகிறவன் தொட்டுவிட்டு ஓடுவான். மறுமொழி கேட்க நிற்கமாட்டான். ‘கிளர்ச்சியூட்டும்’ என்றால் சினிமாச் சுவரொட்டி நினைவுக்கு வருகிறது. ஆங்கிலத்திலும் இந்தக் கோணல் உண்டு. ஓர் ஆணின் ஓவியத்தைப் புரொவொகேட்டிவ் என்றால் அது பெரும்பாலும் பாராட்டு. ஒரு பெண்ணின் உடுப்பைப் புரொவொகேட்டிவ் என்றால் அது பழி.

அப்புறம் வேர்ச்சொல்லைத் தேடிப் போனேன். இலத்தீனில் ‘ப்ரோ’ என்றால் முன்னே, வெளியே. ‘வொகாரே’ என்றால் அழைத்தல். குரலைக் குறிக்கும் ‘வாய்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லும் இந்தக் குடும்பம்தான். ஆக, ‘ப்ரோவொகாரே’ என்றால் வெளியே வா என்று அழைப்பது. பழைய ரோமில் ஓர் அதிகாரி விதித்த மரண தண்டனைக்கு எதிராகக் குடிமகன் மக்களிடம் முறையிடும் உரிமைக்குப் பெயர் ‘ப்ரோவொகாத்தியோ’. அரங்கில் மோதிய வீரர்களில் ஒரு வகையினரை ‘ப்ரோவொகாத்தோர்’ என்றார்கள். ஒருபுறம் நீதி கேட்கும் குரல், மறுபுறம் எதிராளியை நேருக்கு நேர் கூப்பிடும் குரல். வேரில் ஆத்திரமே இல்லை.

இந்த இடத்தில்தான் தமிழ் தானாக வந்து நின்றது: அறைகூவல். அறைதல் என்றால் அடித்தல், பறையறைவது போல ஊரறியச் சொல்லுதல். கூவுதல் என்றால் உரத்து அழைத்தல். போருக்கு வா என்று எதிரியைக் கூப்பிடுவதை அகராதிகள் அறைகூவல் என்கின்றன. இலத்தீன்காரர் போன அதே தடத்தில் தமிழும் போயிருக்கிறது. ‘சவால்’ என்று நாம் சொல்வது அரபு மூலத்தில் கேள்வி என்று பொருள்படும் சொல். அதுவும் அழகானதுதான், ஆனால் பரிசுப் போட்டிகளில் தேய்ந்துவிட்டது. அறைகூவலில் கூவுகிறவருக்கு ஒரு குரல் இருக்கிறது, கேட்கிறவருக்கு ஒரு முகம் இருக்கிறது. கூவியவர் களத்தில் நின்றுதான் ஆகவேண்டும்.

கண்காட்சியில் இதைக் கண்ணாலேயே கண்டேன். ஒரு பெண் பிள்ளை கந்தோர் மேசை ஒன்றைப் போட்டு, நாற்காலிக்குப் பதிலாகத் தன் அம்மா உட்கார்ந்து தேங்காய் துருவும் பலகையை, திருவலையை, வைத்திருந்தாள். உட்கார்ந்து உட்கார்ந்து பலகையின் நடு வழுவழுத்துப் பள்ளமாகியிருந்தது. மேசையில் அம்மாவின் பெயர்ப்பலகை, கீழே ‘முகாமையாளர்’. பக்கத்தில் துருவி முடித்த சிரட்டைகள் இடுப்பளவு உயரத்துக்கு.

வயதான ஒருவர் கோபமாக நின்றார். “என்ன பிள்ளை இது? எங்கட அம்மாமாரை நக்கலடிக்கிற மாதிரியெல்லோ கிடக்கு.”

“அம்மாதான் ஐயா இதைக் கொண்டுவந்து வைச்சவ. இப்ப இடியப்பத்துக்குத் துருவ அவவுக்குப் புதுசு வாங்கியாச்சு.”

அவர் விடவில்லை. தான் இளம் வயதில் கூத்தில் சீலை கட்டி ஆடியவன், பெண்மையை மதிக்கிறவன் என்றார். கிழக்கின் கூத்துக்களில் பெண் பாத்திரங்களை ஆண்களே ஆடிவந்தது எல்லோருக்கும் தெரிந்ததே.

“நீங்கள் சீலை கட்டேக்க ஒருத்தரும் நக்கல் எண்டு சொல்லேல்லையோ ஐயா?” என்று அவள் கேட்டாள்.

அவர் மறுமொழி சொல்லவில்லை. ஆனால் போகவும் இல்லை; சிரட்டைகளைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றார். அவளும் அவ்விடத்தை விட்டு அசையவில்லை.

மறு சுவரில் ஒரு புகைப்படம். முதுகு காட்டி நிற்கும் பெண், கையில் கன்றிய தழும்பு. முகம் தெரியாது. ஆனால் வீட்டு வாசலின் நீலப் படலையும் அதன் மேல் மல்லிகைக் கொடியும் தெரிந்தன. பார்க்க வந்த ஒருத்தி, “இது எங்கட தெரு வீடு” என்றார், மெல்லத்தான். திருகோணமலை சின்ன ஊர். முகத்தை மறைத்தால் போதாது. எடுத்தவரை மண்டபத்தில் தேடினோம், இல்லை. அந்தப் பெண்ணிடம் கேட்டுத்தான் மாட்டினார்களா என்று சொல்லவும் ஒருவர் இல்லை. மாலையில் படத்தைக் கழற்றினார்கள். அதற்குள் எத்தனை பேர் பார்த்தார்களோ என்ற நினைப்பு எனக்கு இன்னும் உறுத்துகிறது.

வெகுளி என்பதை இன்றைக்குச் சூதுவாது அறியாதவர் என்கிறோம். தொல்காப்பியத்தில் அது சினம், உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படும் எட்டு மெய்ப்பாடுகளில் ஒன்று. அது பிறக்கும் இடங்கள் நான்கு: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. உடலை வெட்டுதல், ஒருவரின் குடும்பத்துக்கும் சுற்றத்துக்கும் கேடு செய்தல், அடித்து வருத்துதல், கொல்லுதல். திருவலை இந்த நான்கில் எதையும் செய்யவில்லை. அது ஒரு வழக்கத்தைக் கேள்வி கேட்டது. நீலப் படலை நேரே குடிகோளில் போய் விழுகிறது. அதைப் பார்த்து எங்களுக்கு வந்த சினத்தைப் பழமைவாதம் என்று ஒதுக்கமுடியாது.

உலக அரங்கிலும் இந்த இரண்டு வகையும் உண்டு. யப்பானியக் கலைஞர் யோக்கோ ஓனோ 1964இல் கியோத்தோவில் கத்தரிக்கோலை முன்னால் வைத்துவிட்டு மேடையில் அமர்ந்தார். வந்தவர்கள் அவருடைய உடுப்பைத் துண்டுதுண்டாக வெட்டினார்கள். ஆபத்தில் இருந்தது அவருடைய உடல். ஸ்பானியக் கலைஞர் சாந்தியாகோ சியரா 2000இல் ஸ்பெயினின் சலமங்காவில் ஹெரோயினுக்கு அடிமையான நான்கு பாலியல் தொழிலாளிப் பெண்களுக்கு ஒரு தடவை ஹெரோயின் வாங்கும் விலையைக் கொடுத்து, அவர்கள் முதுகில் 160 சென்ரிமீற்றர் நீளக் கோடொன்றைப் பச்சை குத்துவித்தார். சுரண்டலைக் காட்டுவதற்காகச் செய்தது என்பார்கள். கோடு அழியாமல் இருப்பது அந்தப் பெண்களின் முதுகில். இதை அறைகூவல் என்று எழுத என்னால் முடியாது.

கையேட்டில் கடைசியாக நான் எழுதியது இப்படி: புரொவொகேட்டிவ் ஆர்ட், அறைகூவல் கலை; புரொவொகேற்றர், அறைகூவுநர்; புரொவோக், அறைகூவு. வெறும் கலகமூட்டலுக்காகக் கூட்டத்தில் ஆள் அனுப்பும் இடத்தில் மட்டும் ஆத்திரமூட்டல் இருக்கட்டும். ‘புரொவொகேட்டிவ் ட்ரெஸ்’ என்று வந்தால் அடைமொழியை விட்டுவிட்டு ‘அவர் உடுத்திருந்த உடுப்பு’ என்று எழுதுங்கள்.