தாத்தா ஏன் விழுந்தாரு? நாலு பேரும் சேர்ந்து உக்காந்தாதான் தெரியும்

மெடிக்கல், நர்சிங், ஃபார்மஸி, பிசியோதெரபி பசங்க எல்லாரும் நாளைக்கு ஒரே வார்டுலதான் வேலை பாக்கப் போறாங்க, ஆனா படிக்கிற வரைக்கும் ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கறதே இல்ல. வேற வேற துறைக்காரங்க சேர்ந்து கத்துக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2010லயே ஒரு வழிகாட்டி போட்டுச்சு. டீம் ஒர்க் பத்தி லெக்சர் எடுத்தா தலையாட்டுவாங்க, அவ்வளவுதான். அதனால நான் என் கிளாஸ்ல நாலு துறை பசங்களையும் ஒண்ணா உக்கார வெச்சு ஒரு கேஸ குடுத்துடுவேன், ஒவ்வொருத்தர் ஷீட்லயும் வேற வேற தகவல் இருக்கும்.

80 வயசு தாத்தா, நைட்டு பாத்ரூம் போறப்ப விழுந்துட்டாரு. மெடிக்கல் ஸ்டூடண்ட் உடனே ஸ்கேன், ஈசிஜின்னு எழுத ஆரம்பிச்சிடுவாங்க. அவரு ராத்திரில நாலு தடவ எந்திரிக்கறாருங்கறது நர்சிங் ஸ்டூடண்ட் ஷீட்ல மட்டும்தான் இருக்கும். எழுந்து நின்ன மூணு நிமிஷத்துக்குள்ள மேல் பிரஷர் 20க்கு மேல இறங்கி தள்ளாடறது பிசியோ ஷீட்ல. ஃபார்மஸி ஷீட்ல பிரஷருக்கு அம்லோடிபின், அதுல கால் வீங்குனதுக்கு ஃபுரோசமைடு (யூரின் அதிகமா போக வைக்கற மாத்திரை), அதையும் சாயங்காலம் போடறாருன்னு இருக்கும். நாலையும் மேசைல வெச்சாதான் மாத்திரையோட பக்கவிளைவுக்கு இன்னொரு மாத்திரை குடுத்து, அது யூரினுக்கு எழுப்பி விட்டு, எழுந்தா தலை சுத்தி விழுந்திருக்காருன்னு புரியும்.

ஆனா இதுல பெரிய தடை அறிவு இல்ல, தயக்கம். டாக்டர் ஆகப்போறவங்க முதல்ல பேசிட்டா மத்தவங்க வாயே திறக்கறதில்ல, அதனால அவங்கள கடைசியாதான் பேச விடுவேன். நோயாளி நிலைமைய அடுத்தவங்ககிட்ட சுருக்கமா சொல்றதுக்கு எஸ்பார்னு (SBAR) ஒரு முறை இருக்கு (அமெரிக்க கடற்படை நீர்மூழ்கிக் கப்பல்ல பொறந்ததாம்!), நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என்ன செய்யலாம்னு வரிசையா சொல்லணும். "சார், பிபி கொஞ்சம் கம்மியா இருக்கு"ன்னு முதல் படிலயே நிறுத்திடுவாங்க. "நின்னா 30 இறங்குது, மாத்திரைதான் காரணமா இருக்கும், இன்னிக்கே ரிவ்யூ பண்ணுங்க"ன்னு முடிக்கற வரைக்கும் திரும்பத் திரும்ப சொல்ல வைக்கணும்.

இன்னொண்ணு, கிளாஸ்ல தாத்தாவா நடிக்க ஒருத்தர வெச்சிருப்பேன், அவருகிட்ட ஃபுரோசமைட ஏன் சாயங்காலம் போடறீங்கன்னு யாருமே கேக்க மாட்டாங்க. காலைல போட்டா வெளிய போன இடத்துல பாத்ரூம் தேடணும், அதான்! இது தெரியாம காலைக்கு மாத்துனா அவரு மாத்திரையையே விட்டுருவாரு. அம்லோடிபின மாத்தி வீக்கம் வடிஞ்சா, வேற காரணத்துக்கு தேவைப்படாத பட்சத்துல ஃபுரோசமைடே வேண்டாம்.

பிளான் எல்லாம் சூப்பரா எழுதிட்டு, நின்ன பிபிய மறுபடி யார் பாக்கறது, வீட்டுக்கு யார் ஃபோன் பண்றதுன்னா எல்லாரும் பக்கத்து ஆளைப் பாப்பாங்க. ஒவ்வொரு வேலைக்கும் நேரா பேர் எழுதுனதுக்கு அப்புறம்தான் கிளாஸ விடுவேன்.